பாகுபாட்டைப் பேசுவோம், எல்லாருக்காகவும் பேசுவோம்



கல்லூரி விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பேச்சு எழும். நாலைந்து மாணவர்கள் ஓர் அறையில் கூடியிருப்பார்கள். மெகி மீ தயாராகும். யாராவது ஒருவர் தொடங்குவார்: "நல்ல மதிப்பெண் எடுத்தும் கேட்ட படிப்பு கிடைக்கவில்லையே, ஏன்?" அடுத்தவர் தம் அண்ணனின் கதையைச் சொல்வார். இன்னொருவர் நண்பரின் அக்காள் கதையைச் சொல்வார். விடியும் வரை பேச்சு நீளும். காலையில் எல்லாரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள். இந்தியர் ஒரு மேசையிலும், சீனர் ஒரு மேசையிலும், மலாய்க்காரர் ஒரு மேசையிலும் அமர்ந்து பசியாறுவார்கள். இரவில் பேசியது எதுவும் அடுத்த மேசைக்குப் போகாது.

இன்றைய கருத்துக்களத்தின் பொருள் அந்தப் பேச்சுதான். கல்லூரி வளாகத்தில் பல இன மாணவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கே பாகுபாடு இருக்கிறதா? இருந்தால் அதை எப்படிப் பேச வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் இது ஒருவிதமாகத் தெரியும். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் வேறுவிதமாகத் தெரியும். இன்று மலையிலிருந்தே பார்ப்போம்.

மலையும் அடிவாரமும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஜே.ஏ.ரசல் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் தொடங்கியது அது. அந்தச் சரிவுகளில் காட்டை அழித்ததிலும், கன்று நட்டதிலும், குளிரில் நின்று கொழுந்து பறித்ததிலும் தமிழர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் சுங்கை பாலாஸ், புளூ வேலி, போ, ரிங்லெட், தானா ராத்தா என்று தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன.

இன்று அந்தச் சரிவுகளில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தோட்டத்தில் தொடரப் போவதில்லை, தொடரவும் முடியாது. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் பொதுவாக வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஆகவே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு என்பது குடும்பத்தின் அடுத்த கூரை. படிப்பு கைவிட்டால் திரும்பிப் போக வீடு இருக்காது.

அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்து எஸ்.பி.எம். எழுதுகிறது. பிறகு வளைந்து வளைந்து இறங்கும் பழைய சாலை வழியாகத் தாப்பாவுக்கு வருகிறது. மலையடிவாரத்துத் தாப்பாவிலேயே அரசாங்கப் பல்கலைக்கழக வளாகம் ஒன்று இருக்கிறது. அது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம். பட்டயப் படிப்புக்கும் பட்டப்படிப்புக்கும் அங்கே பூமிபுத்ரா மாணவர்களைத்தான் சேர்ப்பார்கள். சற்று வடக்கே கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது எல்லா இனத்தவரையும் சேர்க்கும். ஆனால் அது தனியார் பல்கலைக்கழகம். கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பி.டி.பி.டி.என். கடனோடுதான் அங்கே நுழைய முடியும்.

ஒரு வாசலில் இனம் கேட்கிறார்கள், மறு வாசலில் பணம் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

1956-இல் இரண்டு தொடக்கங்கள்

அந்த மாரா பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-இல் கிராமப்புறத் தொழில் மேம்பாட்டு வாரியமான ரிடா ஒரு பயிற்சி மண்டபத்தைத் தொடங்கியது. வயலையும் கடலையும் நம்பியிருந்த ஏழை மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி கொடுப்பதற்காக அது அமைந்தது. அதுவே 1967-இல் மாரா தொழில்நுட்பக் கழகமாகவும், 1999-இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது.

அதே 1956-இல்தான் அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை பிறந்தது. அந்தத் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி போராடினார். துறைக்கு நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். அன்றாடங்காய்ச்சிகளும் கொடுத்தார்கள்.

இரண்டும் ஒரே ஆண்டின் கதைகள். இரண்டு ஏழைச் சமுதாயங்கள், தம் பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் ஒரு வாசல் வேண்டும் என்று ஆசைப்பட்ட கதைகள். இரவு விடுதியில் பேசும் தமிழ் மாணவருக்கு இரண்டாவது கதை தெரிந்திருந்தால் பெருமை வரும். முதல் கதையும் தெரிந்திருந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் மலாய் மாணவரின் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரியும். புரிந்துகொள்வது என்பது ஒத்துக்கொள்வது ஆகாது. ஆனால் புரியாமல் வாதாடினால் வாதம் செல்லாது.

'தகுதி' என்ற சொல்

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பல்கலைக்கழக இடங்களில் இன வாரியான கோட்டாவும் வந்தது. 2002-ஆம் ஆண்டு முதல் அந்தக் கோட்டாவை எடுத்துவிட்டுத் தகுதி அடிப்படையில் இடம் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தகுதியை அளக்க இரண்டு அளவுகோல்கள் இருந்தன.

ஒன்று எஸ்.டி.பி.எம். இது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுப் படிப்பு. நாடு முழுவதற்கும் பொதுவான கடினமான தேர்வு. மற்றொன்று மெட்ரிகுலேஷன். இது பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு, தங்கிப் படிக்கலாம். அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்று நின்றது. வாசலில் கோட்டா இல்லை என்றார்கள். வாசலுக்கு வரும் பாதையில் கோட்டா இருந்தது.

இந்தியச் சமுதாயத்தின் தொடர்ந்த கோரிக்கையால் 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2018-இல் அது 2,200 ஆனது. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டன. ஆனால் 90-க்கு 10 என்ற கணக்கு மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். இது ஒரு முன்னேற்றம். வரவேற்க வேண்டும்.

வரவேற்றுவிட்டு மலைக்குத் திரும்பிப் பார்ப்போம். 10 ஏ வேண்டுமென்றால் முதலில் 10 பாடம் எழுத வேண்டும். முஸ்லிம் அல்லாத அறிவியல் பிரிவு மாணவர் பொதுவாக எழுதும் பாடங்களை எண்ணுங்கள். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பதுதான் வருகிறது. பத்தாவது பாடமாகத் தமிழை எடுக்கலாம். அதற்கு இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்க வேண்டும். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. நகரத்துப் பெரிய பள்ளியில் 15 பேர் எளிதில் சேர்வார்கள். மலையில் ஒரு சிறிய பள்ளியில் 15 பேர் சேர்வது எளிதா? சேர்ந்தாலும் ஆசிரியர் கிடைக்க வேண்டும்.

அதாவது நகரத்தில் டியூஷன் போகும் பிள்ளைக்கும், தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். இனம் பார்க்காத விதி என்பதாலேயே அது எல்லாருக்கும் சமமான விதி ஆகிவிடாது. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்கள் பத்துக்கு மேல் கூடாது என்று அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகும் என்று நமது சமுதாயம் எதிர்த்தது. பத்தோடு இரண்டு சேர்த்து எழுதலாம் என்று முடிவு மாறியது. விவரத்தோடு கேட்டதால்தான் அது மாறியது. இன்றும் விவரத்தோடு கேட்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்த குடிசையில் இருக்கும் பிள்ளை

கேமரன் மலையில் தமிழருக்கு முன்பே வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் செமாய் முதலிய பூர்வகுடி மக்கள். விடுதிப் பேச்சில் "அவர்களுக்கென்ன, அவர்களும் பூமிபுத்ராதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

கூட்டரசு அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள். சிறப்பு நிலையைச் சொல்லும் 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்களையும், சபா, சரவாக் சுதேசிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தீபகற்பத்தின் ஒராங் அஸ்லி மக்கள் அந்தப் பிரிவில் இல்லை. சமத்துவத்தைச் சொல்லும் 8-ஆவது பிரிவில்தான், அவர்களின் நலனுக்காகத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. சலுகைப் பட்டியலில் பெயர் இருப்பதாக எல்லாரும் நினைக்கும் அந்தப் பிள்ளைகள்தாம் நாட்டில் பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைகளில் முன்வரிசையில் இருக்கிறார்கள். காட்டுப் பாதை, தூரம், வறுமை, புரியாத பாடமொழி ஆகியவை அதற்குக் காரணங்கள்.

2019 ஜனவரியில் நடந்த கேமரன் மலை இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வெற்றி பெற்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி அவர். அதற்கு முன் தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று இந்தியர்களே அந்தத் தொகுதியைப் பிரதிநிதித்தார்கள். அவர் வந்தபோது "நம் தொகுதி போய்விட்டது" என்று நம்மில் சிலர் வருந்தினார்கள். மலையின் மூத்த குடிக்கு முதல்முறையாக ஒரு குரல் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் எத்தனை பேர்?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு விளக்கு

2011-இல் 'இந்தர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக வந்தது. இங்கே வந்த இந்தியர்களைச் சாதி சொல்லி இழிவாகச் சித்திரித்த பகுதிகள் அதில் இருப்பதாக நமது சமுதாயம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. எழுந்தது சரி. ஆனால் புத்தகத்தில் சாதிச் சொல் வந்தால் கோபப்படும் நாம், கல்யாணப் பேச்சில் அதே சாதியை விசாரிக்கிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

யாராவது 'கெலிங்' என்றால் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. ஒராங் அஸ்லி மக்களைச் 'சக்காய்' என்று சொல்லும்போது அவர்களுக்கும் அப்படித்தான் தைக்கிறது. நம் தாத்தா பாட்டி நின்ற அதே நிரையில் இன்று நிற்கும் வங்காளதேசத் தொழிலாளியை, பெயர்கூடக் கேட்காமல் நாட்டின் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறோம். தோட்டத்திலிருந்து வந்த மாணவி ஆங்கிலத்தில் தடுமாறினால் முதலில் சிரிப்பவர் பல நேரங்களில் வேற்று இனத்தவர் அல்லர். நகரத்துத் தமிழ் மாணவர்தான். "எஸ்டேட்" என்பதையே ஒரு வசைச் சொல்லாக்கியவர்கள் நாமே.

இதைச் சொல்வதால் வெளியிலிருந்து வரும் பாகுபாடு சிறியதாகிவிடாது. அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் போய்விடாது. ஆனால் தனக்கு மட்டும் நியாயம் கேட்பவரின் குரலை 'அவர் இனத்துக்காகப் பேசுகிறார்' என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். எல்லாருக்கும் ஒரே நியாயம் கேட்பவரை அப்படி ஒதுக்க முடியாது.

மற்ற இடங்களில் எப்படி?

நம்மைப் போலவே தேயிலையோடு வாழும் தமிழர்கள் இலங்கையின் மலையகத்தில் இருக்கிறார்கள். அங்கும் 1971-இல் பல்கலைக்கழக அனுமதி பெரும் பிரச்சினையானது. தரப்படுத்தல் என்ற பெயரில், தமிழ் மொழியில் தேர்வு எழுதியவர்கள் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்குக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. தமிழ் இளைஞர்களின் மனக்கசப்புக்கு அது ஒரு முக்கியக் காரணமானது. 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு, பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு நாடளாவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்ட வாரியாகவும், 5 விழுக்காடு மிகப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று முறை அமைந்தது. குறை இல்லாத முறை அல்ல அது. ஆனால் 'எந்த மொழி?' என்ற கேள்வி போய் 'எந்த ஊர்?' என்ற கேள்வி வந்தது.

தமிழ்நாட்டில் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தார்கள். மறு ஆண்டு அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. நீட் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அதனால் வழி பிறந்தது. ஏற்கெனவே இருந்த சமுதாய ஒதுக்கீட்டுக்குள்ளேயே 'எந்தப் பள்ளி?' என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வியை வைக்கலாம். இந்தப் பிள்ளை எங்கிருந்து ஏறி வந்தது? வீட்டு வருமானம் என்ன? பள்ளி எவ்வளவு தூரம்? இப்படிக் கேட்டால் சுங்கை பாலாஸ் தமிழ்ப் பிள்ளைக்கும், காட்டோரத்துச் செமாய்ப் பிள்ளைக்கும், பகாங் கிராமத்து ஏழை மலாய்ப் பிள்ளைக்கும், புதுக்கிராமத்துச் சீனப் பிள்ளைக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைக்கும். கோலாலம்பூரில் காரில் வந்து இறங்கும் பிள்ளை, எந்த இனமானாலும், சற்றுக் காத்திருக்கலாம்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

2008 ஆகஸ்டில் அன்றைய சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம், மாரா பல்கலைக்கழகத்தில் 10 விழுக்காடு இடங்களை மற்றவர்களுக்கும் திறக்கலாம் என்றார். ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஷா ஆலாமில் திரண்டு எதிர்த்தார்கள். 2024 மே மாதம், இதய அறுவை மருத்துவர்களின் பற்றாக்குறையைப் போக்க, பூமிபுத்ரா அல்லாத மருத்துவர்களையும் அங்கே பயிற்சியில் சேர்க்கலாம் என்ற யோசனை எழுந்தது. மாணவர்கள் கறுப்பு உடை அணிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். எதிர்ப்பவர்களை ஏசுவது எளிது. அவர்களோடு ஒரு மேசையில் அமர்ந்து, 'உங்கள் கிராமத்துப் பிள்ளையின் இடத்தை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரு வழி கேட்கிறோம்' என்று சொல்வது கடினம். கடினமானதைத்தான் செய்ய வேண்டும்.

முடியுமா என்றால், முடிந்த கதை உண்டு. 2010-இல் உலுசிலாங்கூர் இடைத்தேர்தலின்போது மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது நடவடிக்கை பாய்ந்தது. மூவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். நால்வரும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். அரசியலில் மாணவர்களைத் தடுத்த பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த வெற்றியில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைத்தது. ஓர் இனம் தனியாகப் போராடிப் பெற்ற வெற்றி அல்ல அது.

ஆகவே மாணவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவது, கேள்விப்பட்டதை வைத்து வாதாடாதீர்கள். தேதி, மதிப்பெண், விண்ணப்பம், கிடைத்த பதில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். முறையீடு செய்யும் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். இரண்டாவது, அரசியலமைப்பின் 8, 12, 153 ஆகிய மூன்று பிரிவுகளையும் ஒருமுறையாவது படியுங்கள். இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் காரணமாக மட்டும் அரசாங்கக் கல்வி நிலையம் மாணவரைப் பாகுபடுத்தக் கூடாது என்பதும், 153 எதற்கு இடம் தருகிறது என்பதும் அங்கே இருக்கிறது. மூன்றாவது, வளாகத்தில் யாராவது இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால், பாதிக்கப்பட்டவர் நம்மவரா என்று பார்க்காமல் சாட்சி சொல்லுங்கள். நான்காவது, விடுமுறையில் மலைக்குப் போகும்போது, தமிழ்ப்பள்ளித் தம்பி தங்கைகளோடு பக்கத்து ஒராங் அஸ்லிப் பிள்ளைகளுக்கும் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. தமிழ் வகுப்புக்கு 15 பேர் வேண்டும் என்றால், அந்தப் பதினைந்தாவது கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

விடுதி அறையில் அந்தப் பேச்சு இன்று இரவும் தொடரும். தொடரட்டும். நாளைக் காலையில் பசியாறும்போது அதை அடுத்த மேசைக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். கையில் விவரமும், எல்லாருக்குமான ஒரு நியாயமும் இருந்தால், கேட்பதற்கு அங்கேயும் ஆள் இருப்பார்கள்.